பாவனை நேரமும் நிகழ்நேரமும்: கணினி வரைகலையில் இரு கடிகாரங்கள்

கோலாலம்பூர் ஏரிப் பூங்காவை அடுத்த குன்றின்மேல், பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்திலிருந்து அதிகத் தொலைவில்லாத இடத்தில், 1994ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட தேசியக் கோளரங்கம் நீலக் குவிமாடத்துடன் நிற்கிறது. ஓர் இரவின் வான்சுழற்சி முழுவதையும் சில நிமிடங்களில் காட்டுவது கோளரங்கங்களின் வழக்கம். பார்வையாளர் இருக்கையில் அமர்ந்திருக்கும் மாணவரின் கைக்கடிகாரம் சிறிதே நகர்ந்திருக்கும். குவிமாடத்திலோ மாலை மறைந்து, நள்ளிரவு கடந்து, விடிவெள்ளி எழுந்திருக்கும். ஒரே அரங்கில், ஒரே வேளையில், இரண்டு காலங்கள் ஓடுகின்றன.

இவ்விரண்டு காலங்களுக்கும் இடையிலுள்ள உறவைக் கணினி எவ்வாறு பேணுகிறது என்பதே இவ்வுரையில் நாம் ஆராயப் புகும் பொருள். இது நிரலாளர்க்கு மட்டும் உரிய நுட்பம் என்று ஒதுக்கத்தக்கதன்று. இன்று நம் பள்ளிகளில் ஊசல், எறிபொருள், கோள்களின் சுற்று முதலியவற்றைத் திரையில் இயக்கிக் காட்டிப் பாடம் நடத்துகிறோம். திரையில் விழும் பந்து ஒரு கணினியில் விரைந்தும் மற்றொன்றில் தாழ்ந்தும் விழுமானால், மாணவர் கற்பது இயற்கையின் விதியன்று, அக்கணினியின் வேகமே.

1. இரு காலங்களும் அவற்றின் பெயர்களும்

நம்மைச் சுற்றிய உலகில் கழியும் காலத்தை நிகழ்நேரம் என்போம். மென்பொருள் படைத்த உலகினுள் கழிந்ததாகக் கொள்ளப்படும் காலத்தைப் பாவனை நேரம் என்போம். அவ்வுலகைத் திரையில் ஓவியமாகத் தீட்டும் செயல் காட்சி வரைவு. தீட்டப்படும் ஒவ்வோர் ஓவியமும் ஒரு படச்சட்டம்.

கோளரங்கக் காட்சியில் ஒரு நாளை ஒரு நிமிடத்தில் காட்டுவதாகக் கொள்வோம். பாவனை நேரம் நிகழ்நேரத்தைவிட 1,440 மடங்கு விரைவாக ஓடுகிறது. திரை நொடிக்கு 60 படச்சட்டங்களைக் காட்டுமாயின், ஒரு நிமிடத்துக்கு 3,600 படச்சட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் பாவனை நேரம் 24 நொடி முன்னேறுகிறது. நம் பழைய கணக்கில் ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 60 விநாடி. எனவே பழைய விநாடி என்பது இன்றைய 24 நொடி. அக்குவிமாடத்தில் ஒவ்வொரு படச்சட்டத்துக்கும் சரியாக ஒரு பழைய விநாடி கழிகிறது. ‘விநாடி’ என்னும் சொல்லுக்கு இவ்வாறு இரு பொருள் இருப்பதால், இவ்வுரை முழுதும் ‘நொடி’ என்னும் சொல்லையே ஆள்கிறோம்.

இவ்வேறுபாட்டை நேரில் காண விரும்பும் மாணவர் ‘ஸ்டெல்லேரியம்’ என்னும் கட்டணமற்ற கோளரங்க மென்பொருளை இயக்கிப் பார்க்கலாம். அதில் ‘எல்’ விசை பாவனை நேரத்தை விரைவுபடுத்தும். ‘ஜே’ விசை மந்தமாக்கும், மேலும் அழுத்தினால் பின்னோக்கியும் ஓட்டும். ‘கே’ விசை இயல்பான வேகத்துக்கு மீட்கும். திரைக்கு வெளியே கைக்கடிகாரம் எவ்வித மாற்றமுமின்றி ஓடிக்கொண்டிருக்கும்.

2. நிகழ்நேரத்துக்குக் கட்டுப்படாத வரைவு

இரு காலங்களும் முற்றிலும் பிரிந்து நிற்கும் இடம் இயங்குபடம். ஷா ஆலமைத் தளமாகக் கொண்ட லெஸ் கோபாக் நிறுவனம் 2007 முதல் வழங்கிவரும் ‘உப்பின் இப்பின்’ தொடரை நம் மாணவர் நன்கறிவர். அத்தகைய படத்தில் முத்து மாமா இரண்டு நொடி கையசைப்பதாகக் கொள்வோம். நம் நாட்டுத் தொலைக்காட்சியின் வழக்கப்படி நொடிக்கு 25 படச்சட்டங்கள் எனில், மொத்தம் 50. ஒவ்வொன்றையும் ஒளி, நிழல், துணிமடிப்பு ஆகியவற்றுடன் வரைய ஒரு கணினிக்கு 10 நிமிடம் ஆகுமானால், அவ்விரண்டு நொடிக்கு 500 நிமிடம், அதாவது 8 மணி 20 நிமிடம், தேவைப்படும்.

ஆயினும் படத்தில் எப்பிழையும் நேராது. ஒவ்வொரு படச்சட்டத்துக்கும் பாவனை நேரம் சரியாக 0.04 நொடி முன்னேறும். வரையும் கணினி இடையில் ஓய்ந்தாலும், மறுநாள் தொடர்ந்தாலும், முத்து மாமாவின் கை சீராகவே அசையும். வரைவுக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதைக் கதையுலகம் அறியவே அறியாது.

கணினி விளையாட்டுக்கும் வகுப்பறைப் பாவனைக்கும் இவ்வுரிமை இல்லை. அங்கே பார்ப்பவர் எதிரில் அமர்ந்திருக்கிறார். அவர் விசையை அழுத்துகிறார். உடனே மறுமொழி வேண்டும். பாவனை நேரம் நிகழ்நேரத்துடன் இணைந்து நடக்க வேண்டியிருக்கிறது. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

3. வரையும் வேகமே காலமாகிவிட்டால்

எளிய வழி ஒன்றுண்டு. ஒரு படச்சட்டம் வரைந்தவுடன் உலகை ஒரு படி நகர்த்துவது, மீண்டும் வரைவது, மீண்டும் நகர்த்துவது. கடிகாரமே தேவையில்லை. தொடக்ககால நிரல்கள் பலவும் இவ்வழியையே பின்பற்றின.

1978இல் ஜப்பானில் தொமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ விளையாட்டு இதற்குப் புகழ்பெற்ற சான்று. அதில் வேற்றுலகப் படையினர் ஒவ்வொருவராக வீழ வீழ, எஞ்சியோர் விரைந்து நகர்வர். வரைய வேண்டிய உருவங்கள் குறைந்ததால் கணினியின் சுமை குறைந்து, ஆட்டம் தானே விரைந்தது. இப்பண்பு ஆட்டத்துக்குச் சுவை கூட்டியதால் அப்படியே விடப்பட்டது. அது நற்பேறு, எல்லா நிரல்களுக்கும் அது வாய்க்கவில்லை.

1981இல் வெளிவந்த ஐபிஎம் தனியாள் கணினி 4.77 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கியது. அவ்வேகத்தை நம்பி எழுதப்பட்ட விளையாட்டுகள், பின்வந்த விரைவான கணினிகளில் ஆட முடியாத வேகத்தில் ஓடின. இதனால் கணினிப் பெட்டிகளில் ‘டர்போ’ என்னும் பொத்தான் இடம்பெற்றது. பெயர் விரைவைக் குறித்தாலும், பழைய நிரல்களுக்காகக் கணினியை மந்தமாக்குவதே அதன் பயனாயிற்று.

நம் ஊர் எடுத்துக்காட்டு ஒன்றால் இதனை அளந்து பார்ப்போம். பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தின் உயரம் ஏறத்தாழ 452 மீட்டர். காற்றின் தடையைக் கருதாவிடில், அதன் உச்சியிலிருந்து விடப்பட்ட பந்து தரையைத் தொட ஏறத்தாழ 9.6 நொடி ஆகும். நொடிக்கு 60 படச்சட்டங்களை எண்ணி எழுதிய நிரல் 576 படிகளில் இவ்வீழ்ச்சியை முடிக்கும். அதே நிரலை நொடிக்கு 30 படச்சட்டங்களே வரையவல்ல பழைய கணினியில் இட்டால், பந்து விழ 19.2 நொடி ஆகும். நொடிக்கு 144 படச்சட்டங்களைக் காட்டும் புதிய திரையில் 4 நொடியில் விழுந்துவிடும். ஒரே கோபுரம், ஒரே பந்து, ஒரே நிரல். ஈர்ப்பு விசை மட்டும் கணினிக்குக் கணினி வேறுபடுகிறது.

4. இடைவெளியை அளந்து நகர்த்துதல்

இக்குறையைக் களைய அடுத்த வழி தோன்றியது. முந்தைய படச்சட்டத்துக்கும் இப்போதைய படச்சட்டத்துக்கும் இடையே எவ்வளவு நிகழ்நேரம் கழிந்தது என்று அளந்து, அவ்வளவு பாவனை நேரம் உலகை நகர்த்துவது. மந்தமான கணினி பெரிய படிகளில் செல்லும், விரைவான கணினி சிறிய படிகளில் செல்லும், இரண்டும் 9.6 நொடியில் ஒரே இடத்தை அடையும் என்பது எதிர்பார்ப்பு.

வானத்துக்கு இது பொருந்தும். ஒரு விண்மீன் குறித்த வேளையில் எங்கே தோன்றும் என்பதை அவ்வேளையைக் கொண்டே நேரடியாகக் கணக்கிடலாம். இடைப்பட்ட படிகள் எத்தனை என்பது பொருட்டன்று. ஆனால் மோதும் பந்துகள், ஆடும் கயிறு, ஓடும் நீர் ஆகியவற்றை அவ்வாறு நேரடியாகக் கணக்கிடுவது அரிது. முந்தைய நிலையிலிருந்து அடுத்த நிலையைப் படிப்படியாகவே பெற வேண்டும். அங்கே படியின் அளவு விடையை மாற்றும்.

விளையாட்டு நிரல்களில் பெருவழக்காக உள்ள முறை, ஒவ்வொரு படியிலும் முதலில் வேகத்தைக் கூட்டி, பின்பு அப்புதிய வேகத்தால் பொருளை நகர்த்துவது. இம்முறையில் 9.6 நொடியின் முடிவில் பந்து விழுந்த தொலைவைக் கணக்கிட்டால், நொடிக்கு 60 படச்சட்டம் வரையும் கணினியில் 452.8 மீட்டர் என்றும், நொடிக்கு 10 மட்டுமே வரையும் கணினியில் 456.7 மீட்டர் என்றும் வரும். வேறுபாடு ஏறத்தாழ 4 மீட்டர். ஒரு மாடியின் உயரத்துக்கு நிகர். தனித்து விழும் பந்துக்கே இவ்வாறெனில், பொருள்கள் ஒன்றோடொன்று மோதும் உலகில் சிறு வேறுபாடும் பெருகும். ஒரு கணினியில் சுவரில் மோதித் திரும்பும் பந்து, மற்றொன்றில் பெரிய படியொன்றில் சுவரைத் தாண்டியே சென்றுவிடலாம்.

5. நாழிகை வட்டில் காட்டும் வழி

இதற்குத் தீர்வு, படியின் அளவை மாறாததாக வைத்துக்கொண்டு, எத்தனை படி என்பதை மட்டும் நிகழ்நேரத்திடம் கேட்பது. 2004இல் கிளென் ஃபீட்லர் என்னும் நிரலாளர் இம்முறையை விளக்கி எழுதிய கட்டுரை விளையாட்டு நிரலாளரிடையே பரவலாக அறியப்பட்டது. நம் மரபிலுள்ள ஒரு கருவியைக் கொண்டே இதனை எளிதில் உணரலாம்.

பாசறையில் நீர்க்கடிகாரத்தைக் கொண்டு பொழுதளந்து அரசனுக்கு அறிவித்த நாழிகைக் கணக்கரைப் பற்றிய செய்தி முல்லைப்பாட்டில் உண்டு. நீர் சொட்டுச் சொட்டாகச் சேரும். வட்டிலில் குறித்த அளவு நிறைந்ததும் ஒரு நாழிகை என்று எண்ணுவர். நீர் எவ்வாறு வந்து சேர்ந்தது என்பது கணக்கில் இல்லை. நிறைந்த முறைகளே கணக்கு.

மென்பொருளிலும் அத்தகைய வட்டில் ஒன்றை வைப்போம். அதன் கொள்ளளவு 20 மில்லிநொடி. அதாவது உலகின் ஒரு படி நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு. ஒவ்வொரு படச்சட்டம் முடிந்ததும், கழிந்த நிகழ்நேரத்தை வட்டிலில் ஊற்றுகிறோம். முதற் படச்சட்டத்துக்கு 16 மில்லிநொடி ஆயிற்று, வட்டில் நிறையவில்லை, உலகம் நகரவில்லை. அடுத்ததற்கு 35 ஆயிற்று, மொத்தம் 51, வட்டில் இருமுறை நிறைகிறது, உலகம் இரண்டு படி நகர்கிறது, 11 எஞ்சுகிறது. மூன்றாவதற்கு 29 ஆயிற்று. எஞ்சியதுடன் சேர்ந்து 40. மீண்டும் இரண்டு படி. கழிந்தது 80 மில்லிநொடி. நடந்தவை 4 படிகள். எஞ்சிய துளியைக் கொட்டிவிடாமல் வைத்துக்கொள்வதே இங்கு உயிர்நிலை. அதனைக் கொட்டிவிட்டால் பாவனை நேரம் சிறிது சிறிதாகப் பின்தங்கும்.

எஞ்சிய துளிக்கு மற்றொரு பயனும் உண்டு. வட்டிலில் 11 மில்லிநொடி எஞ்சியிருக்கும்போது வரையப்படும் படச்சட்டத்தில், உலகின் கடைசி இரு நிலைகளுக்கும் இடையே 20இல் 11 பங்கு, அதாவது 55 விழுக்காடு, கடந்த இடத்தில் பொருளை வரைகிறோம். கண்ணுக்கு அசைவு வழுக்கிச் செல்வதுபோல் சீராகத் தோன்றும். கண் காண்பது உண்மையான பாவனை நிலைக்கு ஒரு படியளவு பிந்தியது; அதுவே இச்சீர்மைக்கு நாம் செலுத்தும் விலை.

மாணவர் பலரும் பயிலும் யூனிட்டி பொறியில் இப்படியின் இயல்பான அளவு 0.02 நொடி, கோடோ பொறியில் நொடிக்கு 60 படிகள். 0.02 நொடிப் படியில் நம் பந்து 480 படிகளில் 453 மீட்டர் விழுந்ததாகக் கணக்கு வரும். பிழை முற்றிலும் மறையவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆனால் அப்பிழை எல்லாக் கணினியிலும் ஒன்றே. எனவே அதனை அறியலாம், படியைச் சிறிதாக்கிக் குறைக்கலாம். படியைப் பத்தில் ஒன்றாக்கினால் பிழையும் பத்தில் ஒன்றாகக் குறைந்து, 10 சென்டிமீட்டருக்குள் அடங்கும்.

6. கடன் மிகும்போது

இம்முறைக்கும் ஓர் இடர் உண்டு. ஆசிரியர் ஒருவரிடம் நாள்தோறும் 40 பயிற்சிப் புத்தகங்கள் வருகின்றன. அவரால் ஒரு நாளில் 30ஐயே திருத்த முடிகிறது. முதல் நாள் 10 எஞ்சும். இரண்டாம் நாள் 20. பின் ஒருபோதும் அக்குவியல் தீராது. அதுபோல, 20 மில்லிநொடிப் படி ஒன்றைக் கணக்கிடக் கணினிக்கு 25 மில்லிநொடி ஆகுமானால், கணக்கிட்டு முடிப்பதற்குள் வட்டில் மேலும் நிறைந்துவிடும். அடுத்த முறை கூடுதல் படிகள். அதற்கு மேலும் கூடுதல் நேரம். இறுதியில் திரை உறைந்து நிற்கும்.

ஆதலால் ஒரு படச்சட்டத்தில் வட்டிலில் ஊற்றத்தக்க நேரத்துக்கு வரம்பு விதிக்கின்றனர். ஃபீட்லர் தம் எடுத்துக்காட்டில் கால் நொடியை வரம்பாகக் கொண்டார். வரம்பை மீறிய நேரம் கைவிடப்படும். அப்போது பாவனை உலகம் நிகழ்நேரத்தைவிட மந்தமாக ஓடும். ஆனால் அதன் விதிகள் மாறா. மந்தமான உண்மை, விரைவான பொய்யினும் மேல் என்பதே இத்தெரிவின் பொருள். வகுப்பறைப் பாவனையில் இவ்வாறு நேரும்போது, நேரம் மந்தமாகிறது என்னும் குறிப்பைத் திரையிலேயே காட்டுவது நேர்மை.

7. எக்கடிகாரத்தை நம்புவது?

நிகழ்நேரத்தை அளக்க வேண்டும் என்றோம். எதனால் அளப்பது? கணினித் திரையின் மூலையில் தெரியும் மணியால் என்பது இயல்பான விடை. ஆனால் அது தவறான விடை.

1981 டிசம்பர் 31 இரவை மூத்த ஆசிரியர்கள் நினைவுகூரக்கூடும். அதுவரை தீபகற்ப மலேசியாவின் நேரம் கிரீன்விச் நேரத்துக்கு ஏழரை மணி முன்னதாக இருந்தது. சபா, சரவாக் நேரமோ எட்டு மணி. நாடு முழுவதும் ஒரே நேரத்தைக் கொள்ளும் பொருட்டு, அன்றிரவு 11:30க்குத் தீபகற்பக் கடிகாரங்கள் நள்ளிரவு 12க்குத் தள்ளி வைக்கப்பட்டன. அரை மணி நேரம் கடிகாரத்தில் மட்டும் கழிந்தது, உலகில் கழியவில்லை. அவ்வேளை கடிகார மணியைக் கொண்டு இடைவெளியை அளக்கும் நிரலொன்று ஓடிக்கொண்டிருப்பதாக எண்ணுவோம். இரு படச்சட்டங்களுக்கு இடையே 30 நிமிடம் கழிந்ததென்று மயங்கி, 20 மில்லிநொடிப் படிகள் 90,000ஐ அது நடத்த முற்பட்டிருக்கும்.

கோலாலம்பூரில் சூரியன் உச்சியை அடைவது சராசரியாகப் பிற்பகல் 1:13 மணியளவில் என்பதும் இம்மாற்றங்களின் விளைவே. கடிகார மணி என்பது மக்கள் தம் வசதிக்கு வகுத்துக்கொண்ட உடன்பாடு; அது மாற்றப்படலாம், பின்னோக்கியும் திருத்தப்படலாம். இன்றைய கணினிகள் வலையமைப்பின்வழி தம் மணியைத் தாமே திருத்திக்கொள்வதும் உண்டு. எனவே, என்றும் முன்னோக்கியே செல்லும் மற்றொரு கடிகாரத்தைக் கணினி தன்னுள் வைத்திருக்கிறது. இப்போது மணி என்ன என்று கேட்டால் அதற்கு விடை தெரியாது. எவ்வளவு நேரம் கழிந்தது என்று கேட்டால் சரியாகச் சொல்லும். பாவனைக்கு உகந்தது அதுவே.

அளந்த நேரத்தை எழுதிவைக்கும் முறையிலும் விழிப்பு வேண்டும். பத்தில் ஒரு பங்கு என்னும் எண், கணினியின் இரும எண்முறையில் முடிவின்றி நீளும். 1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரான் நகரில் ‘பேட்ரியட்’ ஏவுகணைத் தடுப்பு அமைப்பு ஒன்று, தன்னை நோக்கி வந்த ஏவுகணையைத் தவறவிட்டது; 28 அமெரிக்கப் படையினர் உயிரிழந்தனர். அவ்வமைப்பு காலத்தைப் பத்திலொரு நொடிகளாக எண்ணி, 24 இருமஇலக்கங்களில் வெட்டப்பட்ட பின்னத்தால் பெருக்கியது. ஒரு முறைக்கு இழப்பு, கோடியில் ஒரு பங்கு நொடிக்கும் குறைவே. இடைவிடாது 100 மணி நேரம் இயங்கியதில், 36 இலட்சம் எண்ணிக்கைகளின் இழப்பு சேர்ந்து 0.34 நொடியாயிற்று. அதற்குள் ஏவுகணை அரைக் கிலோமீட்டருக்கு மேல் கடந்திருந்தது. நாள் முழுதும் அணைக்காமல் ஓடும் காட்சிக்கூடப் பாவனையை எழுதும் மாணவருக்கும் இப்பாடம் உரியது: படிகளை முழு எண்ணாக எண்ணுக, காலத்தைப் போதிய துல்லியமுள்ள எண்ணில் எழுதுக.

8. வகுப்பறைக்கு ஒரு சோதனை

ஆசிரியர்கள் தாம் பயன்படுத்தும் பாவனை மென்பொருளைச் சோதிப்பது கடினமன்று. பொருள் விழும் காட்சியையோ ஊசலையோ திறந்து, நிறுத்துகடிகாரத்தால் அளக்க. பின்பு அதே காட்சியைப் பழைய கணினி ஒன்றிலும், வேறு நிரல்கள் பல திறந்து கிடக்கும் கணினியிலும் அளக்க. நேரம் மாறினால் அம்மென்பொருள் வரையும் வேகத்தையே காலமாகக் கொள்கிறது, அல்லது வரம்பை எட்டி மந்தமாகிறது. நேரம் மாறாமல் சென்றடையும் இடம் மட்டும் மாறினால், படியின் அளவு படச்சட்டத்தைப் பின்பற்றி மாறுகிறது. இரண்டும் மாறாவிடில் நம்பிப் பாடம் நடத்தலாம்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் புதிய கணினிகள் உள்ள பள்ளியும் உண்டு. பத்தாண்டு பழையவற்றைக் காத்துப் பயன்படுத்தும் பள்ளியும் உண்டு. பழைய கணினியின் முன் அமரும் மாணவருக்கு அசைவு சற்றுத் தடுமாறித் தெரியலாம், அதனைப் பொறுத்துக்கொள்ளலாம். அவருக்குக் கிடைக்கும் விடை மட்டும் புதிய கணினியின் முன் அமரும் மாணவருக்குக் கிடைப்பதிலிருந்து வேறுபடலாகாது. நிரல் எழுதக் கற்கும் நம் மாணவர் முதல் நாளிலேயே இரு கடிகாரங்களையும் பிரித்து வைக்கப் பழகினால், அந்த நிகர்நிலை அவர்கள் எழுதும் ஒவ்வொரு நிரலிலும் அமையும்.